இளக்கச் சொன்னவர்

தன் கல்யாணப் பந்தியிலேயே நயினார் ஒரு சிரிப்பை வாங்கிக்கொண்டார். மலையாளம் பேசும் கரமனையில் பெண் வீடு. பரிமாறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் ஊரைக் கேட்க, "அம்பாசமுத்திரம் பக்கங்க. நாங்கல்லாம் பட்டிக்காட்டு ஆளுக" என்று அடக்கமாகச் சொன்னார். வரிசையில் பாதிப்பேருக்குப் புரையேறியது. ஏனென்று அவருக்குப் புரியவில்லை. பெண்ணின் தம்பி சிவதாணுதான் குனிந்து காதில் சொன்னான்: "அத்தான், இங்க பட்டின்னா நாய். இனிமே கிராமம்னு சொல்லுங்க."

அது 1947. அன்றிலிருந்து, எந்தச் சொல்லை எங்கே சொல்லலாம் என்று நயினார் சிவதாணுவிடம் கேட்டுக்கொள்வது வழக்கமாயிற்று.

ரசாயனத்தில் பட்டம் பெற்றவர். கிள்ளியாற்றின் கரையில் இருந்த கிள்ளி ரப்பர் ஒர்க்ஸில் சோதனைச்சாலை உதவியாளராகச் சேர்ந்திருந்தார். மனைவி பகவதியின் குடும்பம் நாஞ்சில் நாட்டிலிருந்து வந்து கரமனையில் தங்கிவிட்ட குடும்பம். வீட்டில் ஒரு வாக்கியம் தமிழில் கிளம்பி மலையாளத்தில் போய் முடியும். நயினார் பாதி வாக்கியத்தோடு நின்றுவிடுவார். பகவதிக்கு அது வேடிக்கை. குழந்தை இல்லாத வீட்டில் அந்த வேடிக்கையே பொழுதுபோக்காகவும் இருந்தது.

சிவதாணு இன்டர்மீடியட்டில் தவறி, சாலைக் கடைத்தெருவில் ஒரு மளிகைக்கடையில் விலை எழுதிக்கொண்டிருந்தான். அவனை ரப்பர் ஒர்க்ஸில் சேர்த்துவிட்டவர் நயினார். வீட்டில் 'அத்தான்' என்பான்; கம்பெனி வாசலைத் தாண்டினால் 'ஸார்' என்பான். இந்த ஒழுங்கு நயினாருக்குப் பிடித்திருந்தது. சில வருடங்களில் சிவதாணு மில் அறையில் ஷிப்ட் சூப்பர்வைசர் ஆனான். அங்கே வேலை செய்தவர்கள் எல்லாரும் மலையாளிகள். நயினார் தமிழில் சொல்வார். சிவதாணு அவர்களுக்கு மலையாளத்தில் சொல்வான். இப்படி ஏற்பாடு செய்யச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. அது தானாக அமைந்தது.

1954இல் முதலாளி கேசவக் குறுப்பு கொச்சியிலிருந்து சில மூட்டைகளை வரவழைத்தார். உள்ளே வெள்ளை வெள்ளையாக, ஜவ்வரிசி போல, பாலித்தீன் மணிகள். அப்போது அது புதுச் சரக்கு. ரப்பரோடு அதைச் சேர்த்தால் எடை குறைவான, தரையில் கறை படியாத வெள்ளைச் செருப்புச் சோல் வரும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள்.

"நயினாரே, இது ரெண்டும் சேருமோ?" என்று கேட்டார் குறுப்பு. தமிழரிடம் பேசும்போது தன் மலையாளத்தைத் தமிழ்ப் பக்கம் கொஞ்சம் சாய்த்துக்கொள்வார்.

"சேராது ஸார். ஆனா சேர்த்து வைக்கலாம்."

குறுப்புக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. "சேர்த்து வையும். சோல் வரட்டெ. வந்நால் நீங்கள்தான் இங்கத்தெ கெமிஸ்ட்."

அதுவரை அந்தக் கம்பெனியில் கெமிஸ்ட் என்று ஒரு பதவி கிடையாது. நயினாருக்கு அந்தச் சொல் ஒன்றே போதுமாயிருந்தது. மாதக்கணக்கில் அதிலேயே கிடந்தார்.

ரப்பர் மில் என்பது எதிரெதிராகச் சுழலும் இரண்டு இரும்பு உருளைகள். இடுக்கில் ரப்பரைக் கொடுத்தால் பிழிந்து, இழுத்து, மறுபடி உள்ளே இழுத்துக்கொள்ளும். உருளைக்குள் நீராவி விட்டுச் சூடாக்கலாம். தண்ணீர் விட்டு ஆற்றலாம். ரப்பரையும் பாலித்தீனையும் சூட்டில் ஒன்றாகப் போட்டு ஓட்டினால் கண்ணுக்கு ஒரே மாவு போலத் தெரியும். உள்ளே அப்படி இல்லை. ஒன்று கடலாக நிற்கும். மற்றது அதற்குள் தீவுகளாக ஒதுங்கும். கடல் ரப்பராக இருந்தால் சோல் வளையும், திரும்பி நிமிரும். கடல் பாலித்தீனாகிவிட்டால் சோல் விறைக்கும், நடக்க நடக்க அடுக்கடுக்காக உரியும்.

எது கடலாகும் என்பதுதான் கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டின்போது பகவதி கேட்டாள்: "எது அதிகமோ அதுதானே பரவும்?"

"அது பாதிதான் சரி. எது இளக்கமா ஓடுதோ அதுவும் பரவும். கெட்டியா இருக்கது உருண்டு ஒதுங்கிரும். நீ வெல்லப்பாகுல எண்ணெய் விட்டுக் கிண்டிப்பாரு. பாகு இளசா இருந்தா எண்ணெய்தான் துளியாகும். பாகு முறுகிட்டா, பாகு அதிகமா இருந்தாக்கூட அது உருண்டையாயி எண்ணெய்க்குள்ள கெடக்கும்."

"அப்போ கொஞ்சமா இருக்கவன்கூட மத்தவனை வளைச்சிரலாம்."

"அவன் இளக்கமா இருந்தா வளைச்சிரலாம்."

சிவதாணு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னான்: "அத்தான், தெக்கன் தாலூக்கா தமிழனுக்கா மலையாளிக்கான்னு அடிச்சிக்கிடுதாவளே, அவங்ககிட்ட போயி இதைச் சொல்லுங்க. ஆளு எண்ணிக்கிட்டே இருக்காவ."

பாலித்தீன் அதிகம் சேர்ந்தால்தான் குறுப்பு கேட்ட எடை வரும். ஆனால் ரப்பரே கடலாக நிற்கவும் வேண்டும். வழி ஒன்றுதான். ரப்பரை முதலில் தனியாக, ஆறிய உருளைகளில், இடுக்கை நெருக்கி வைத்து ஓட்டவேண்டும். கெட்டி ரப்பர் அந்தப் பிழிவில் உள்ளுக்குள் அறுந்து இளகும். பாலித்தீன் ஓடுகிற பக்குவத்துக்கு அதுவும் வரும். அதற்குப் பிறகுதான் நீராவி, அதற்கும் பிறகுதான் பாலித்தீன். நயினாரைத் திகைக்க வைத்த விஷயம் வேறு: சூடான உருளையில் ரப்பர் தளதளவென்று ஆகிவிடும், பார்த்தால் இளகிவிட்டது என்றே சொல்லத் தோன்றும், ஆனால் உள்ளே இளகியிருக்காது. ஆறின உருளைதான் அதை அறுக்கும். இதை அவர் மில் அறையில் திரும்பத் திரும்பச் சொல்வார்: "முதல்ல ரப்பரை நல்லா இளக்கணும். பொறவுதான் மத்தது."

கடல் எது, தீவு எது என்று பார்க்க அவரிடம் ஒரு சுலபமான சோதனை இருந்தது. சோலை வேகவைப்பதற்கு முன், கலவையில் ஒரு துண்டை நறுக்கி பென்ஸீனில் போட்டு வைப்பார். பென்ஸீனில் ரப்பர் கரையும், பாலித்தீன் கரையாது. துண்டு கலைந்து பால் போலக் கலங்கினால் ரப்பர் கடல். துண்டு உருக்குலையாமல் நின்றால் பாலித்தீன் கடல், எல்லாவற்றையும் வீசவேண்டியதுதான். அடுத்த வருடத்தின் தொடக்கத்தில் சீசா சீசாவாகப் பால் நிறைந்தது. சோல் வந்தது. குறுப்பு அதற்கு 'அன்னம்' என்று பெயர் வைத்தார். பழவங்காடிக் கடைகளில் வெள்ளைச் செருப்புகள் தொங்கின. கெமிஸ்ட் பதவிக்கான உத்தரவு மட்டும், அடுத்த போர்டு கூட்டத்தில், அதற்கடுத்த கூட்டத்தில் என்று தள்ளிக்கொண்டே போயிற்று.

1956 மே மாதம் நயினாரின் தங்கைக்கு அம்பாசமுத்திரத்தில் கல்யாணம். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் முடிக்கவேண்டிய பெரிய ஆர்டர் மில்லில் இருந்தது. கிளம்பும்போது மில் அறை வாசலில் நின்று, சிவதாணுவையும் உருளைக்காரர் வேலாயுதனையும் வைத்துக்கொண்டு சொன்னார்: "நான் வாரவரைக்கும் எதையும் மாத்தாதீங்க. ரப்பரை நல்லா இளக்குங்க. அது முக்கியம்."

"இளக்காம் ஸாரே," என்றார் வேலாயுதன்.

நயினார் திரும்பி வந்தபோது ஆர்டர் முடிந்து, சரக்கு போய்விட்டிருந்தது. சொன்ன தேதிக்கு முன்னாலேயே. குறுப்பு சிவதாணுவின் தோளில் தட்டியதை எல்லாரும் பார்த்தார்கள். நயினாருக்கும் சந்தோஷம். மீதிக் கலவை ஏதாவது இருக்கிறதா, பென்ஸீனில் போட்டுப் பார்க்கலாம் என்று கேட்டார். ஒரு மூலையில் கலவைத் தகடு ஒன்று கிடக்கிறது, பிறகு எடுத்துத் தருகிறேன் என்றான் சிவதாணு. எடுத்துத் தரவில்லை. கேட்டதை நயினாரும் மறந்துபோனார்.

மழை பிடித்தது. பழவங்காடியில் செருப்புக்கடை வைத்திருந்த திரவியம் ஒரு சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, இன்னொரு சாக்கை இழுத்துக்கொண்டு வந்தார். குறுப்பின் மேசை மேலேயே கொட்டினார். வெள்ளைச் சோல்கள் வாழைச்சருகு மாதிரி உரிந்து கிடந்தன.

"குறுப்பு ஸாரே, என் கடைக்கு எதுத்தாப்புல பிள்ளையாரு. அவருக்குத் தேங்கா ஒடைக்க வாறவன்லாம் என் கடையில வந்து செருப்பை ஒடைச்சிட்டுப் போறான். நேத்து ஒருத்தன் கேக்கான், ஓய், இதைத் திங்கணுமா, கால்ல போடணுமான்னு. நான் என்ன சொல்ல?"

அவருக்குப் பின்னால் சாலைக் கடைத்தெருவிலிருந்து இன்னும் பலர் வந்தார்கள். கேட்டுக்கு வெளியே குடைகள் நிறைந்துவிட்டன. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகளின் அப்பன்மார்கூட வந்திருந்தார்கள். ஒருவர் உரிந்த சோலைக் குடைக்கம்பியில் குத்தி உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தார்.

மறுவாரம் குறுப்பின் அறையில் விசாரணை. குறுப்பு, போர்டிலிருந்து இரண்டு பேர், எதிரே நயினார், சிவதாணு, வேலாயுதன். நயினாருக்கு அதில் பயமில்லை. மூலையில் கிடந்த தகட்டைத் தேடி எடுத்து, ஒரு துண்டை பென்ஸீனில் போட்டுக் கொண்டுவந்திருந்தார். பக்கத்தில் பழைய கலவையின் சீசா. பழையது பால் போலக் கலங்கியிருந்தது. புதியது நறுக்கிய விளிம்போடு அப்படியே நின்றது.

"பாருங்க ஸார். இதுல பாலித்தீன்தான் கடல். அளவு மாறலை, அதே அளவுதான் போட்டிருக்காங்க. ரப்பர் கெட்டியாவே இருந்திருக்கு. ஆறின உருளையில ஓட்டவே இல்லை. நீராவியை நிறுத்தி, தண்ணி விட்டு, மறுபடி சூடாக்குறதுக்கு நேரமாகும். அந்த நேரத்தை மிச்சம் பிடிச்சிருக்காங்க."

குறுப்பு இரண்டு சீசாக்களையும் தூக்கிப் பார்த்தார். "இது ஞான் சம்மதிச்சு. ரப்பர் கெட்டியாயிருந்து. எந்துகொண்டு, ஏன்? அதாணு சோத்யம்." பிறகு வேலாயுதனைப் பார்த்தார். "ஸார் போகும்போள் எந்து பறஞ்ஞு?"

"ரப்பர் நல்லது போலே இளக்கணும் எந்நு பறஞ்ஞு. ஞங்கள் இளக்கி. கை வேதனிக்குந்நது வரெ இளக்கி."

அவர் பொய் சொல்லவில்லை. சூடான உருளைகளில் ரப்பரையும் பாலித்தீனையும் ஒன்றாகப் போட்டு, வெட்டி, மடித்து, புரட்டிப் புரட்டிக் கலக்கியிருந்தார்கள். மலையாளத்தில் இளக்குவது என்றால் கிண்டுவது, கலக்குவது.

நயினாருக்கு அப்போதுதான் உறைத்தது. "ஸார், நான் சொன்னது தமிழ். இளக்குறதுன்னா இளக வைக்கிறது. கெட்டியைத் தளர்த்துறது. கலக்குறது இல்லை."

போர்டுக்காரர்களில் ஒருவர் சிரித்தார். "கொள்ளாம். ஒரு வாக்கு, ரெண்டு அர்த்தம். கம்பெனிக்கு நஷ்டம்."

"சிவதாணுவுக்குத் தெரியும் ஸார்," என்றார் நயினார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. "ஆரம்பத்துல இருந்து அவன்தான் சொல்லிச் செய்ய வைக்கிறான்."

"அது சரி," என்றார் குறுப்பு. "ரெண்டு பாஷையும் அறியுந்ந ஆள் இவிடெ உண்டல்லோ. சிவதாணு, நீ சொல்லு. உங்கள் தமிழில் அதினு எந்தா அர்த்தம்?"

சிவதாணு நயினாரைப் பார்க்கவில்லை. வேலாயுதனையும் பார்க்கவில்லை. மேசையிலிருந்த சீசாக்களைப் பார்த்துக்கொண்டு சொன்னான்.

"இளக்குன்னா கிண்டுறதுதான் ஸார். எங்க வீட்டுலயும் அப்படித்தான் பேசுவோம். எங்க அக்கா, கஞ்சியை இளக்குன்னுதான் சொல்லும்."

"அக்கா எந்நால், இவருடெ பார்ய?"

"ஆமா ஸார்."

நயினார் திரும்பி அவனைப் பார்த்தார். "அப்போ இவ்வளவு நாளும் உருளையை ஆறவச்சு ரப்பரை மட்டும் ஓட்டினியே, அது என்னது?"

"அது ஸார் பக்கத்துல நின்னு செய்யச் சொன்னது. எதுக்குன்னு எனக்குத் தெரியாது, ஸார்."

வீட்டில் 'அத்தான்' என்று கூப்பிட்டவன் அன்று ஒரே பதிலில் இரண்டு தடவை 'ஸார்' சொன்னான். பென்ஸீன் சீசாவால் அதற்குமேல் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ரப்பர் இளகவில்லை என்று அது காட்டும்; யார் வாயிலிருந்து எந்தச் சொல் எந்த அர்த்தத்தில் வந்தது என்பதை எந்த ரசாயனமும் கரைத்துக் காட்டாது.

கெமிஸ்ட் பதவி இனி வேண்டாம் என்று போர்டு முடிவு செய்தது. வேலைக்காரர்களின் பாஷை தெரிந்தவர்தான் உற்பத்தியை நடத்தவேண்டும். ஆகவே சிவதாணு ஒர்க்ஸ் சூப்பர்வைசர். நயினார் விரும்பினால் ஸ்டோரில் இருக்கலாம். நயினார் விரும்பவில்லை. தன் பென்ஸீன் சீசாக்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வெளியே வந்தார்.

அதற்குப் பின் சில மாதங்கள் வீட்டில்தான். காலேஜ் மாணவர்கள் சிலருக்கு ரசாயனம் சொல்லிக்கொடுத்தார். அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு ஆள் வந்து, ஊருக்குப் பக்கத்தில் புதிதாகத் தொடங்கும் சாயப்பட்டறைக்கு விஷயம் தெரிந்தவர் வேண்டும், வருகிறீர்களா என்று கேட்டுவிட்டுப் போனார். பகவதி கரமனையை விட்டு வரமாட்டாள் என்று நயினாருக்குத் தெரியும். பதில் சொல்லாமல் வைத்திருந்தார்.

சிவதாணுவைப் பற்றி அவர் வீட்டில் ஒரு குறையும் சொல்லவில்லை. அவன் உண்மையிலேயே குழம்பியிருக்கலாம் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தார். இரண்டு பாஷை பேசுகிறவனுக்கு ஒரு சொல்லில் எந்த அர்த்தம் முந்தி வரும் என்று யார் சொல்ல முடியும்? தானே பந்தியில் நாய் என்று சொல்லிக்கொண்டவர். அந்தச் சமாதானம் முழுசாகப் பொருந்தவில்லை; ஆனாலும் அதை விட்டுவிட அவருக்கு மனமில்லை. விட்டால், ஒன்பது வருடமாகத் தன் வாயாக வைத்திருந்தவனை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவது?

அந்த வருடம் நவம்பர் பிறந்ததும் மாநிலம் மாறியது. அதை ஒட்டித் தீபாவளி. தெற்குத் தாலூக்காக்கள் மதராஸோடு போயின. கரமனை வீடுகளில் பாதி உறவு எல்லைக்கு அந்தப் பக்கமாயிற்று. எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு நயினார் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். அக்காவுக்குத் தீபாவளிச் சீர் கொண்டுவருவது தம்பியின் முறை. சிவதாணு வந்தான். தட்டில் புடவை, வேட்டி, பலகாரம், அதன் மேல் காகிதத்தில் சுற்றிய ஒரு ஜோடி.

"அத்தான், போட்டுப் பாருங்க. நம்ம கம்பெனி அன்னம். புதுச் சரக்கு. பழவங்காடியில திரவியம் அண்ணாச்சி மறுபடி ஆர்டர் குடுத்தாச்சு. ஒண்ணுகூடத் திரும்பி வரலை."

அவன் குரலில் கேலி இல்லை. அத்தான் சந்தோஷப்படுவார் என்றே நினைத்தான் போலிருந்தது. நயினார் ஒரு செருப்பை எடுத்தார். சோலின் இரண்டு முனையையும் பிடித்து வளைத்து விட்டார். அது துள்ளி நிமிர்ந்தது. விளிம்பை நகத்தால் கீறினார். உரியவில்லை.

"நல்லா வந்திருக்கே, மாப்ளே. ரப்பர் நல்லா பரவியிருக்கு. எப்படிச் செஞ்ச?"

"பழையபடிதான் அத்தான். உருளையைத் தண்ணி விட்டு ஆறவச்சு, ரப்பரை மட்டும் நெருக்கி ஓட்டி, நல்லா இளகின பொறவு…"

சிவதாணு நிறுத்தினான். தட்டில் இருந்த பலகாரத்தை ஒழுங்குபடுத்துகிற மாதிரி கையை நகர்த்தினான்.

"யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார் நயினார். "நான் அங்க இல்லையே."

அடுக்களையில் எண்ணெய்ச் சத்தம் அடங்கியது. பகவதி வாசற்படியில் வந்து நின்றாள்.

"அவனை ஏன் போட்டுக் கேக்குதீங்க. நல்ல நாளும் அதுவுமா."

"அவனுக்கு அர்த்தம் தெரிஞ்சிருக்கு பகவதி. அன்னிக்கும் தெரிஞ்சிருக்கு."

"தெரியும்," என்றாள் பகவதி. "எனக்கும் தெரியும்."

நயினார் செருப்பைக் கீழே வைத்தார்.

"விசாரணைக்கு முந்தின நாள் இங்க வந்தான். நீங்க வீட்டுல இல்லை. அக்கா, இளக்குன்னு நாம வீட்டுல எதுக்குச் சொல்லுவோம்னு கேட்டான். கஞ்சிக்குச் சொல்லுவோம்னேன். எதுக்குக் கேக்கான்னு எனக்கு வெளங்கிச்சு."

"வெளங்கியும் என்கிட்ட சொல்லலை."

"சொல்லியிருந்தா அவனை அந்த வேலையில நிக்க விட்டிருப்பீங்களா? அவனுக்கு மூணு பொம்பளைப் பிள்ளைங்க. இன்டர்மீடியட்கூட அவன் பாஸாகலை. இந்த வேலை போனா சாலையில மூட்டை தூக்கணும். நீங்க படிச்ச ஆளு. உங்களுக்கு எங்கயும் கெடைக்கும்னு நெனச்சேன்."

சிவதாணு தட்டிலிருந்து கையை எடுத்தான். "அத்தான், ஆர்டர் முடியலைன்னா என்னைத் தூக்கிருவேன்னு குறுப்பு ஸார் சொன்னாரு. நீங்க ஊருல இருந்தீங்க. சூட்டுலயே ஓட்டினா இளகிரும்னு நெனச்சுட்டேன். பாத்தா இளகின மாதிரிதான் இருந்துது."

"அது தப்பு. தப்பு யாரும் பண்ணுவா. என்கிட்ட சொல்லியிருந்தா, நான்தான் சரியாச் சொல்லிக் குடுக்கலைன்னு குறுப்புகிட்ட சொல்லியிருப்பேன்." நயினார் நிதானமாகத்தான் பேசினார். "கேட்டாக் குடுத்திருப்பேன், நீயா எடுத்துக்கிட்டியே. அதுவும் இவ கஞ்சியை வச்சு."

தெருவில் வெடி வெடித்தது. நயினார் உள்ளே போய் டிரங்குப் பெட்டியை இழுத்தார். இரண்டு வேட்டி, சட்டைகள், சவரப் பெட்டி. பகவதி பின்னாலேயே வந்தாள்.

"எங்க?"

"அம்பாசமுத்திரம். சாயப்பட்டறைக்காரனுக்குப் பதில் சொல்லணும். உனக்காகத்தான் இவ்வளவு நாளும் சொல்லாம இருந்தேன்."

"நானும் வரணுமா?"

நயினார் பெட்டியை மூடினார். பூட்டு சரியாக விழவில்லை; மறுபடி அழுத்தினார்.

"வரணும்னு சொல்லத்தான் வாய் வருது. நீ சரின்னா அது எந்த அர்த்தத்துல சரின்னு இனிமே நான் யாருகிட்டப் போயி கேப்பேன்?"

மதியம் தம்பானூர் ஸ்டேஷனில் செங்கோட்டை வழி போகிற வண்டியில் ஏறினார். பகவதி ஸ்டேஷனுக்கு வரவில்லை. வரவேண்டாம் என்று அவர் சொல்லவுமில்லை. கொல்லம் தாண்டி, மலைக்குகைகளுக்குள் வண்டி புகுந்தபோது எதிர் இருக்கைக்காரர் எந்த ஊர் என்று கேட்டார். நயினார் கொஞ்சம் யோசித்து, "ரப்பர் கம்பெனியில கெமிஸ்டா இருந்தேன்" என்றார். கேள்விக்கு அது பதில் இல்லை.